வெறும் தேங்க்ஸ்

எங்கள் அண்ணி வாயிலிருந்து தேங்க்ஸ் என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் உட்கார்ந்துகொண்டு, "அப்பாடா, முழங்கால் கழண்டு போச்சு" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி மழைக்கு முன்னால் எங்கள் துணிகளை எடுத்து மடித்து வைத்திருந்தால், "ஒண்ணுகூட நனையலியே!" என்று அவள் முகத்துக்கு நேரே ஆச்சரியப்படுவாள். அதோடு சரி. அவள் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் என் அம்மா இதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியே செய்தாள். திமிர் என்பது அம்மாவின் தீர்ப்பு. அண்ணனைக் கேட்டுப் பயனில்லை. ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபிறகு அவன் வாயைத் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்தான்.

நானோ அந்தச் சொல்லை வைத்தே பிழைப்பவள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில், புகார் வாங்கும் அறையில் எனக்கு வேலை. எட்டு நாற்காலி, எட்டு ஹெட்ஃபோன், ஜன்னல் கிடையாது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் செய்தாலும் எங்களுக்குத்தான் ஃபோன் வரும். பதிவு செய்து ஒரு எண் கொடுப்போம். மெக்கானிக் வரவில்லை என்று திரும்பக் கூப்பிடுவார்கள். சமாதானம் சொல்வோம். பேச்சு முடியும்போது கூப்பிட்டவர் தேங்க்ஸ் சொல்லிவிட்டால் பச்சைப் பொத்தானை அழுத்தலாம். ஆள் திருப்தி, புகார் முடிந்தது என்று கணினி எழுதிக்கொள்ளும். மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை சதவீதம் பச்சை என்று சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள். மூன்று வருஷமாக நான்தான் முதலிடம். தொண்ணூற்றேழு சதவீதம். பட்டியலுக்கு மேலே என் ஃபோட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

பெருமைக்குச் சொல்லவில்லை, கல்லிடமிருந்தும் எனக்கு ஒரு தேங்க்ஸ் வாங்கத் தெரியும். எவ்வளவு கொதித்துக்கொண்டு வந்தாலும் முதலில் அவர்களை முழுசாகப் பேச விடுவேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க இடத்துல நான் இருந்தாலும் இதே கோபம்தான்ங்க வரும்" என்பேன். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே மாட்டேன். அதுதான் சூட்சுமம். லைனில் மௌனம் நீண்டால் மனுஷனுக்குக் கூச்சம் வந்துவிடும். இத்தனை மரியாதையாகப் பேசுகிற பெண்ணை இப்படி வாட்டுகிறோமே என்று தோன்றும். பத்தாவது விநாடியில், "சரிங்க... தேங்க்ஸ்" என்று இறங்கிவிடுவார்கள். பச்சை.

அண்ணி எங்கள் ஆபீசுக்கு வருவதற்கு முன் சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையிலும் ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்ப்பது வேலை. கையோடு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஆறு வருஷம் நின்றுகொண்டே இழுத்தாள். அந்தப் புத்தி வீட்டிலும் போகவில்லை. "பால் காய்ச்சியாச்சு" என்று அம்மா சொன்னால் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். "கதவைப் பூட்டிட்டேன்" என்று அண்ணன் சொன்னால் போய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வருவாள். அம்மாவுக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் தொழிற்சாலையை மூடியபோது நான்தான் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அண்ணிக்கு எங்கள் ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்தேன். பதிவான பேச்சுகளைத் திரும்பக் கேட்டு, நாங்கள் மரியாதையாகப் பேசினோமா என்று மார்க் போடும் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேஜை. முதல் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினோம். இப்போதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "நாற்காலி குடுத்திருக்காங்க. நாள் முழுக்க உக்காந்துட்டேன். முதுகு வலிக்கவே இல்ல" என்றாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டோம். எனக்கு எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். யாருக்காகவும் கையேந்தாதவள் அந்த மேனேஜர் முன்னால் பல்லைக் காட்டி நின்றிருக்கிறேன், இவள் நாற்காலிக் கதை பேசுகிறாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வத்தி வைத்தேன். அம்மாவுக்கு ஒரு வாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

மரியாதைக்கு மார்க் போடச் சொன்னால் அண்ணி புகாருக்கு மார்க் போட ஆரம்பித்தாள். "தேங்க்ஸ் சொல்லிட்டாங்க, சரி. லிஃப்ட் ஓடுச்சா?" இதுதான் அவள் கேள்வி. அது எங்கள் மார்க் தாளில் இல்லாத கேள்வி. அவளுக்கு ஆபீசில் 'செக்கிங் அக்கா' என்று பெயர் விழுந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டை என் முன்னால் வைத்தாள்.

"நாப்பது ஃபோன் கேட்டேன். எல்லாம் பச்சை. இதுல பதினோரு பேருக்கு ஒண்ணுமே நடக்கல."

"அவங்களே தேங்க்ஸ் சொல்லியிருக்காங்களே அண்ணி. நாம என்ன பிடுங்கியா வாங்கினோம்?"

"நல்லா கேட்டுப் பாரு. வேலை முடிஞ்சவங்க என்ன முடிஞ்சுதுன்னு சொல்றாங்க. 'வந்துட்டுப் போனாரும்மா, இப்ப ஓடுது'ங்கறாங்க. அதுக்கப்புறம்தான் அவங்களுக்குத் தேங்க்ஸே ஞாபகம் வருது. வெறும் தேங்க்ஸ் சொல்லிட்டு வைக்கறாங்க பாரு, அவங்களுக்குத்தான் ஒண்ணும் கிடைக்கல."

என் தொண்ணூற்றேழு சதவீதத்தைத் தொட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. "உங்களுக்கு அந்தச் சொல்லே ஆகாது அண்ணி. அதான் அடுத்தவங்க சொன்னாலும் குத்தமாத் தெரியுது" என்றேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம், நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்த நேரம், அண்ணி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"நேத்திக்கு ஒரு வாட்ச்மேன் பேசினாரே. நாலாவது மாடியில லிஃப்ட் கதவு. என்ன ஆச்சு?"

எனக்கு ஞாபகம் இருந்தது. பழைய கட்டடம், கையால் இழுத்துத் திறக்கிற கதவு. பெட்டி அந்த மாடியில் நின்றால்தான் அந்தக் கதவு திறக்க வேண்டும். மற்ற நேரத்தில் பூட்டியிருக்க வேண்டும். பெட்டி கீழே இருக்கும்போதும் இழுத்தால் திறந்துகொள்கிறது என்று திங்கட்கிழமை புகார் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை திரும்பக் கூப்பிட்டபோது என்னிடம் மாட்டினார்.

"தேங்க்ஸ் சொன்னாரே" என்றேன்.

"நீ பச்சை போட்டுட்ட. பச்சை போட்டா மெக்கானிக் லிஸ்ட்ல இருந்து பேரு போயிடும். தெரியுமில்ல?"

தெரியும். தெரியாது என்று இங்கே எழுதினால் என் கை கூசும். பச்சை அழுத்தினால் அந்தப் புகாரின் எண்ணே நிலுவைப் பட்டியலிலிருந்து இறங்கிவிடும், மறுநாள் மெக்கானிக் கையில் போகிற தாளில் அது இருக்காது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவசரமென்றால் திரும்பக் கூப்பிடட்டும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம்.

அண்ணி நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை விரித்தார். மூடிய புகாரை ஆபீஸ் ஆட்கள் திறக்க விதி இல்லையாம். புகார் கொடுத்தவர், பதிவு செய்த அதே நம்பரிலிருந்து கூப்பிட்டால்தான் திறக்க முடியுமாம். அதுவும் வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகக் கூட்டம் இருக்கும்போது இது தேவையா என்றும் கேட்டிருக்கிறார். அண்ணி அந்த நம்பருக்கு ஆறு முறை அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. அரை நாள் லீவு எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அவளைத் தடுக்கத்தான் ஓடினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். "உங்களுக்கு வேலை போயிடும் அண்ணி. எனக்கும் சேர்ந்து போயிடும்" என்று ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். "போகட்டும், முதல்ல நடையை எட்டிப் போடு" என்றாள்.

இரண்டு ஸ்டாப் தள்ளி அந்தக் கட்டடம். கேட்டில் ஆள் இல்லை. காவல் அறை மேஜையில் ஒரு செல்ஃபோன் கிடந்தது, அண்ணியின் ஆறு அழைப்பும் அதில் மின்னிக்கொண்டிருந்தது. லிஃப்ட்டில் ஏற எனக்குக் கால் வரவில்லை. படியேறினோம். நாலாவது மாடியில் லிஃப்ட் கதவுக்கு முதுகைக் கொடுத்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காக்கிச் சட்டையில் ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும். கதவின் கைப்பிடியை ஒரு கயிற்றால் படிக்கட்டுக் கம்பியோடு கட்டியிருந்தார்.

"கயிறு கட்டினா அவிழ்த்துடறாங்கம்மா" என்றார். "எல்லாருக்கும் லிஃப்ட் வேணும். லிஃப்ட்டை நிறுத்திடலாம்னு சொன்னா அசோசியேஷன் செயலாளர் கேக்க மாட்டேங்கறாரு. இந்த வீட்டுல மூணு வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்கு. கதவுன்னு இருந்தா ஓடி வந்து இழுக்கும். அதான் திங்கக்கிழமையிலேருந்து பகல் முழுக்க இங்கயே உக்காந்திருக்கேன். கேட்டுல ஆள் இல்லன்னு இன்னைக்கு செயலாளர் சத்தம் போட்டாரு. நாளைக்கும் இங்க உக்காந்தா வேலைய விட்டுப் போயிடுன்னுட்டாரு."

நாங்கள் எந்தக் கம்பெனி என்று அண்ணி சொன்னாள். அவர் மெதுவாக என் பக்கம் திரும்பி, "செவ்வாக்கிழமை பேசினது நீங்கதானேம்மா? இப்ப படியில பேசிட்டு வந்தீங்களே, குரலை வச்சுத் தெரிஞ்சுது. ரொம்பத் தன்மையாப் பேசினீங்க" என்றார்.

"நீங்க தேங்க்ஸ் சொன்னீங்களே" என்றேன்.

"வேற என்னம்மா சொல்றது? நீங்க அவ்வளவு மரியாதையாப் பேசறீங்க. திட்டவா முடியும்? இனிமே பேசிப் புண்ணியமில்லன்னு தெரிஞ்சுது. தேங்க்ஸ்னு சொல்லிட்டு மேல ஏறி வந்துட்டேன்."

எத்தனையோ பேர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள். ஹெட்ஃபோனைக் கழற்றினால் மறந்துவிடும். இந்த மனுஷர் என்னைப் பாராட்டியதை என்னால் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. கீழே பார்த்தேன். கதவின் அடியில் விரல் அகல இடைவெளி, அதில் இருட்டுத்தான் தெரிந்தது.

அண்ணி, "எந்திரிங்க" என்றாள் அவரிடம். அவர் எழுந்ததும் அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். "நீங்க கேட்டுக்குப் போங்க. அங்க இருக்கற ஃபோனை முதல்ல இவகிட்ட குடுத்து அனுப்புங்க."

"அது கேட்டை விட்டு நகரக் கூடாதும்மா, செயலாளர்..."

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். கதவு சரியாகற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு நான் எந்திரிக்கப் போறதில்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "கூப்பிடு. அவங்க வித்தை எல்லாம் உனக்குத்தான் தெரியும்."

கீழே போய் அந்த ஃபோனை வாங்கிக்கொண்டு வந்து கூப்பிட்டேன். எடுத்தது என் எதிர் சீட்டுக்காரி. என் முதலிடத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருப்பவள், என் பேச்சை வரிக்கு வரி பாடம் செய்தவள். நான் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகப் பேச விட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க இடத்துல நான் இருந்தாலும் இதே கோபம்தான்ங்க வரும்" என்றாள்.

"எனக்குக் கோபமே இல்ல. கதவு திறக்குது. ஆள் வேணும்."

"கண்டிப்பாங்க, சீக்கிரமே ஏற்பாடு பண்றோம். வேற ஏதாவது உதவி வேணுமாங்க?"

அப்புறம் மௌனம். என் மௌனம். நான் கண்டுபிடித்து, நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது. மூன்று, நான்கு, ஐந்து என்று மனசுக்குள் எண்ணினேன். ஏழாவது விநாடியில் தொண்டைக்குள் அந்தச் சொல் தானாக ஏறி வந்தது. எல்லாம் தெரிந்த எனக்கே நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் போதும், இந்தச் சங்கடம் தீர்ந்துவிடும் என்று இருந்தது. அந்த வாட்ச்மேன் என்ன பாடு பட்டிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டாவது விநாடியில் அவள்தான் உடைந்தாள்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். இருப்பேன்."

"ஏய்... நீயா? என்னடி விளையாட்டு?"

"நான் கம்ப்ளெயின்ட் பண்றவ. முதல்ல புகாரைத் திற. ஆள் கிளம்பியாச்சுன்னு சொல்லு."

எங்கள் பக்கத்திலிருந்து லைனைத் துண்டிக்கக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பான விதி. துண்டித்தால் அது நேரே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். ஆறு நிமிஷம் தாண்டினால் நாற்காலிக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். பதினைந்து நிமிஷமானால் மேனேஜர் திரையில் சத்தம் வரும். எல்லாம் எனக்குத் தெரிந்த கணக்கு. படியில் உட்கார்ந்துகொண்டேன். கீழ்வீட்டிலிருந்து யாரோ, "யாருங்க கதவை மறிச்சு உக்காந்திருக்கறது?" என்று கத்தினார்கள். "நான்தான். படியில போங்க" என்று அண்ணி திருப்பிக் கத்தினாள். சரியாகப் பதினாறாவது நிமிஷம் மேனேஜர் லைனுக்கு வந்தார்.

"என்னம்மா இது? ஃபோனை வை."

"நீங்களே வைங்க சார்."

அவரால் முடியாது. பெருமூச்சு விட்டார். "சரிம்மா, ஆளை அனுப்பறேன். போதுமா?" என்றார். சொல்லிவிட்டு அவரும் காத்திருந்தார். அந்த வித்தை அவருக்கும் தெரியும்.

"அனுப்பிட்டுச் சொல்லுங்க சார். லைன்ல இருக்கேன்."

ஐம்பது நிமிஷம் கழித்து மெக்கானிக் பையோடு மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கதவின் பூட்டுக் கொக்கி தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தது. அதைக் கழற்றிக் காட்டிவிட்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார். புதுக் கொக்கியைப் பொருத்திவிட்டு, "முடிஞ்சுதும்மா" என்றார். அண்ணி கயிற்றைத் தளர்த்தினாளே தவிர அவிழ்க்கவில்லை. பெட்டியைக் கீழே அனுப்பச் சொன்னாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலைச் சுவரில் ஊன்றி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். முகம் சிவக்க மூன்று தரம் இழுத்தாள். வரவில்லை. அப்புறம்தான் கயிற்றை அவிழ்த்தாள்.

அவிழ்த்த சத்தத்துக்கோ என்னவோ, எதிர்வீட்டுக் கதவு திறந்து அந்தக் குட்டிப் பெண் வெளியே பாய்ந்தாள். பின்னாலேயே அவள் அம்மா, "நில்லுடி!" என்று அலறினாள். யாரும் பிடிப்பதற்குள் அது ஓடிவந்து கைப்பிடியில் இரண்டு கையாலும் தொங்கியது. உலுக்கியது. கதவு அசையவில்லை. அதற்குக் கோபம் வந்து கதவை ஒரு அறை அறைந்துவிட்டு எங்களை முறைத்தது. வாட்ச்மேன் படியின் திருப்பத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பூட்டுது. நல்லா பூட்டுது. தொங்கினாலும் வரல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு இறங்கிப் போனார்.

ஃபோனில் மறுபடி எதிர் சீட்டுக்காரிதான் இருந்தாள். "இப்பவாவது திருப்தியா?" என்றாள்.

"கதவு பூட்டுது. இழுத்துப் பார்த்தாச்சு. இப்ப மூடிக்கோ" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாளே எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் இரண்டு பக்கம் எழுதினேன். அண்ணி, "கதவு இப்போது பூட்டுகிறது. மற்ற பதினோரு பேர் பட்டியல் இணைத்திருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைமை அலுவலகத்து ஆட்கள் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தார்களாம். பதினோரு புகாரும் அன்றைக்கே திரும்பத் திறக்கப்பட்டன. எங்கள் வேலை போகவில்லை. ஆனால் விதி மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பச்சைப் பொத்தான் அப்படியேதான் இருக்கிறது, சுவரில் பட்டியலும் தொங்குகிறது. என் ஃபோட்டோ மட்டும் இறங்கிவிட்டது. யாராவது வெறும் தேங்க்ஸ் சொன்னால், "அதை விடுங்க, லிஃப்ட் ஓடுதா? ஏறிப் பார்த்தீங்களா?" என்று கேட்கிறேன். ஓடவில்லை என்றால் பச்சை போடுவதில்லை. போன மாதம் நாற்பத்தியொரு சதவீதம். எட்டுப் பேரில் எட்டாவது. அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கப் போகிறேன்.

ஃபோட்டோ இறங்கியது அம்மா காதுக்கு எப்படியோ போய்விட்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது தட்டை நங்கென்று வைத்து ஆரம்பித்தாள். "வேலை வாங்கிக் குடுத்தவ ஃபோட்டோவையே இறக்க வச்சாச்சு. வாங்கிக் குடுத்த அன்னைக்காவது ஒரு தேங்க்ஸ் உண்டா? வாயில முத்தா உதிர்ந்துடும்?"

அண்ணன் கொட்டாவியை அடக்கிக்கொண்டான்.

"சொல்லிட்டாங்கம்மா" என்றேன் நான். "முதல் நாளே சொல்லிட்டாங்க. பஸ்ஸுல. ஆறு வருஷம் நின்னவங்க, அன்னைக்கு நாள் முழுக்க உக்காந்தேன், முதுகு வலிக்கலன்னு சொன்னாங்க. எனக்குத்தான் காது இல்ல."

அம்மா என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணி குழம்புக் கரண்டியை எடுத்து என் தட்டில் ஊற்றினாள்.

"இப்பவும் வலிக்கல" என்றாள்.